பதினான்கு பேருக்கும் சொல்ல வேண்டும்

மைசூர்
12 ஜூலை 1953

அன்புள்ள அண்ணாவுக்கு,

மீனாக்ஷி நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுத ஆரம்பித்தேன், அது பொய். நான் சௌக்கியம். என் வார்டில் படுத்திருப்பவர்கள் சௌக்கியமாக இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பாலாறு சோதனைச் சாவடியில் வனக்காவலராக இருக்கும் மாதப்பன் போன வாரம் திரும்பி வந்தார். லாரியிலிருந்து உருண்ட மரம் விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, கார்த்திகை மாதம் நம் டாக்டர் பராசரன் தகடு வைத்துத் தைத்த கால். பொங்கலுக்கு அப்புறம் தடியில்லாமல் நடந்துபோனவர். இப்போது அதே தழும்பில் கடுகளவு ஒரு துளை. அதிலிருந்து ஏதோ கசிகிறது. சீழ் மாதிரி இல்லை. துருப்பிடித்த வாளியைக் கழுவிக் கொட்டினால் வருகிற நிறம். பதினாறு வருஷமாகக் கட்டுக் கட்டுகிறேன், புண்ணிலிருந்து அந்த நிறம் வந்து பார்த்ததில்லை.

இன்று மத்தியானம் ஆபரேஷன் ரிஜிஸ்தரை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தகடுகள் சீமையிலிருந்து வருகின்றன. அவற்றை எலும்போடு பிடித்துவைக்கும் ஸ்க்ரூக்களை மூன்று வருஷமாக நீ கடைந்து தருகிறாய். முதல் இரண்டு வருஷம் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன தீபாவளிக்குப் பிறகு உன் ஸ்க்ரூ போட்டுக்கொண்டவர்கள் பதினான்கு பேர். அதில் ஐந்து பேர் வலி, வீக்கம், கசிவு என்று திரும்பி வந்திருக்கிறார்கள். ஒருத்தர் ஈரத்தில் நின்றார், ஒருத்திக்கு உடம்பில் சத்தில்லை, ஒருத்தர் பீடி குடிக்கிறார் என்று டாக்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் சொன்னார். தனித்தனியாகக் கேட்டபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஐந்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபோது சரியாக இல்லை.

ஒரே ஒரு கேள்வி. போன தீபாவளியின்போது நீ எஃகை மாற்றினாயா? ஒரு கார்டில் பதில் போட்டால் போதும்.

மன்னிக்கு என் நமஸ்காரம்.

மீனாக்ஷி

*

நஞ்சன்கூடு
16 ஜூலை 1953

சிரஞ்சீவி மீனாக்ஷிக்கு, கிருஷ்ணஸ்வாமி ஆசி சொல்லி எழுதுவது.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் உன் மன்னி ராஜலக்ஷ்மியைப் படிக்கச் சொன்னேன், நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று. இல்லை என்றாள்.

ரயில்வே பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் லேத்தில் நின்றவன் நான். நான் கடைந்த ஒரு உருப்படியைக்கூட இன்ஸ்பெக்டர் திருப்பியனுப்பியதில்லை. முதல் தடவை ஸ்க்ரூ கொண்டுபோய்க் கொடுத்தபோது டாக்டர் பராசரன் மைக்ராமீட்டரை வைத்துப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக அளந்தார். சீமை ஸ்க்ரூவைப் பக்கத்தில் வைத்து, எது எது என்று தனக்கே அடையாளம் தெரியவில்லை என்றார். அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டதா?

நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். பதினாறு வயசில் விதவையாகி வந்து உட்கார்ந்த பெண்ணை ஆஸ்பத்திரிப் படிப்புக்கு அனுப்பக்கூடாது என்று நம் வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். படித்து முடித்த உன்னைத் தலைமை நர்ஸாக்கினவர் டாக்டர் பராசரன். ரயில்வேயை விட்டுவிட்டு நான் இங்கே ஸ்டேஷன் தெருவில் லேத் போட்டபோது, பிராமணன் இரும்பு கடைகிறான் என்று ஊர் சிரித்தது. முதல் வேலையைக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். அவர் இல்லையென்றால் நம் இரண்டு பேருக்கும் இந்த வாழ்வு இல்லை.

வனக்காவலர் என்றால் ஆற்றிலும் சேற்றிலும் நிற்கிறவர். கால் கசியாமல் என்ன செய்யும்?

இந்த விஷயமாக இனி எழுதாதே. மன்னி மாகாளிக் கிழங்கு ஊறுகாய் போட்டிருக்கிறாள். யாராவது மைசூர் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

கிருஷ்ணஸ்வாமி

*

மைசூர்
19 ஜூலை 1953

அண்ணா,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்ட கேள்விக்கு ஒரு வரிதான் பதில். அந்த ஒரு வரி அதில் இல்லை.

நீ ஸ்க்ரூவில் வெட்டிய மரையில் பிசகு என்று நான் சொல்லவில்லை. உன் கையெழுத்தையும் மறக்கவில்லை. அந்தக் கையெழுத்தால் படித்த படிப்புதான் என்னை இதை எழுத வைக்கிறது.

இன்னொன்றையும் உனக்குச் சொல்லியாக வேண்டும். கொள்ளேகாலிலிருந்து மாரியம்மா என்று ஒருத்தி வந்தாள். பட்டுப்புழுவுக்கு இலை சுமக்கிறவள், முப்பது வயது இருக்கும். வரப்பிலிருந்து விழுந்து கால் ஒடிந்து, தை மாதம் தகடு வைத்தார்கள். சித்திரையில் கால் வீங்கி வந்து நின்றாள். சொன்னதற்கு முன்னாலேயே நடந்திருக்கிறாய் என்று டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். "இல்லீங்க, நான் கட்டிலை விட்டு எறங்கலைங்க" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். கேஸ் தாளில், "நோயாளியின் அசிரத்தை" என்று எழுதச் சொன்னார். எழுதியது என் கை. எழுதியதோடு நிற்காமல் நானும் அவளைக் கோபித்துக்கொண்டேன். வைகாசியில் அவள் புண்ணிலிருந்து ஒரு ஸ்க்ரூ தானாகவே கழன்று கட்டுத் துணியோடு வந்தது. எறிந்துவிடச் சொன்னார். நான் எறியவில்லை. பஞ்சு வைத்து ஒரு டப்பாவில் போட்டேன். மருந்துப் பொடி கொடுத்து ஊருக்கு அனுப்பினோம்.

நேற்று அவள் புருஷனிடமிருந்து கார்டு வந்தது. கோயமுத்தூரில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம்.

இந்தப் பார்சலில் மூன்று சாமான்கள் இருக்கின்றன. மாரியம்மாவின் புண்ணிலிருந்து வந்த உன் ஸ்க்ரூ. பழைய சீமை ஸ்க்ரூ இரண்டு. வளைந்துபோனதென்று ஒதுக்கிய சீமைத் தகடு ஒன்று. அதை இரண்டாக அறுத்துக்கொள். டாக்டர் அறையில் ஒரு ஆங்கில மருத்துவப் பத்திரிகை கிடந்தது. இரண்டு வேறு வேறு உலோகத்தைச் சேர்த்து உடம்புக்குள் வைத்தால், உடம்பின் உப்பு நீரில் ஒன்று மற்றொன்றை அரித்துவிடும், டார்ச் பாட்டரிக்குள் நடப்பது போல, என்று அதில் போட்டிருக்கிறது. உண்மையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. உனக்குத் தெரியும்.

முதலில் காந்தத்தை வைத்துப் பார். பிறகு ஒரு பாட்டில் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு இரண்டு ஜாடியில் ஊற்று. ஒன்றில் சீமைத் தகடும் சீமை ஸ்க்ரூவும். மற்றதில் சீமைத் தகடும், தீபாவளிக்குப் பிறகு நீ கடைந்துவரும் அதே கம்பியில் செய்த புது ஸ்க்ரூவும். இறுக்கி முடுக்கிப் போடு. சமையலறையில் அடுப்பின் சூடு படுகிற இடத்தில் மூன்று வாரம் இருக்கட்டும்.

நான் சொல்வது தப்பு என்று தெரிந்தால் நானே நஞ்சன்கூட்டுக்கு வந்து உன் காலில் விழுகிறேன்.

மீனாக்ஷி

*

நஞ்சன்கூடு
13 ஆகஸ்டு 1953

மீனாக்ஷி,

காந்தம் வைத்துப் பார்த்தேன். சீமை ஸ்க்ரூவைக் காந்தம் சட்டை செய்யவில்லை. என்னுடையது துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது. உன் பார்சல் வந்த அன்றைக்கே இது தெரிந்துவிட்டது. இருந்தாலும் மூன்று வாரம் எழுதாமல் இருந்தேன். ஜாடி என்னைக் காப்பாற்றும் என்று நினைத்தேன்.

காப்பாற்றவில்லை. முதல் ஜாடியில் தண்ணீர் ஊற்றியபடியே இருக்கிறது. இரண்டாவதில் ஒன்பதாம் நாளே ஸ்க்ரூவின் தலைக்குக் கீழே, தகட்டின் துளையோடு அது உரசுகிற இடத்தில், பழுப்பாக ஒரு வளையம் வந்தது. இப்போது ஜாடி முழுவதும் கலங்கிவிட்டது. நேற்றுக் கழற்றப் போனேன். தலை தனியாகக் கையோடு வந்துவிட்டது. நான் கடைந்த ஸ்க்ரூவின் தலை கையோடு வருவதை இந்த வயசில் பார்த்தேன்.

நீ கேட்ட வரியை இப்போது எழுதுகிறேன். ஆமாம், எஃகை மாற்றினேன். டாக்டர் கொடுத்துவந்த சீமைக் கம்பி போன ஐப்பசியோடு தீர்ந்துவிட்டது. இறக்குமதிக்கு லைசென்ஸ் கேட்டு ஆறு மாதமாகியும் வரவில்லை. மூடிப்போன ஒரு மில்லிலிருந்து பம்பின் தண்டு ஒன்று வாங்கிவைத்திருந்தேன். கண்ணாடி மாதிரி பளபளக்கும். வருஷக்கணக்காகத் தண்ணீரில் கிடந்தும் துரு ஏறாதது. இது வேறு எஃகு என்று டாக்டரிடம் சொல்லத்தான் சொன்னேன். "துருப்பிடிக்காதோல்லியோ? அப்புறம் என்ன?" என்றார். சரி என்று கடைந்தேன். பம்புத் தண்ணீர் வேறு, மனுஷன் உடம்பு வேறு என்று எனக்கு ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. அதை நான் இரண்டாம் தரம் அவரிடம் சொல்லவில்லை. அவர் பெரியவர், படித்தவர், அவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன். உன் முதல் கடிதத்துக்குக் கோபமாக எழுதியதும் அந்த உறுத்தல்தான்.

மிச்சமிருந்த தண்டை இன்று துண்டு துண்டாக அறுத்துப் போட்டுவிட்டேன். யாரும் எடுத்துக் கடைய முடியாது.

சனிக்கிழமை சுதந்திர தினத்துக்கு லேத் மூடியிருக்கும். ஜாடிகளை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

கிருஷ்ணஸ்வாமி

*

மைசூர்
23 ஆகஸ்டு 1953

அண்ணா,

ஜாடிகளை வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே வராமல் திரும்பிப் போய்விட்டாய். டாக்டர் அன்று உள்ளேதான் இருந்தார். உனக்கும் அது தெரியும். போகட்டும்.

திங்கட்கிழமை இரண்டையும் அவர் மேஜையில் வைத்தேன். ஐந்து பேர் விவரத்தையும் வைத்தேன். நான் எதிர்பார்த்த மாதிரி அவர் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஜாடி வேறு, உடம்பு வேறு என்றார். பிறகு, "சிஸ்டர், தகடு இல்லாத காலத்தில ஆறு மாசம் மணல் மூட்டையைக் கட்டிண்டு படுத்திருந்தவாள்ளாம் என்ன ஆனான்னு நீங்க பாத்திருக்கேள். முதுகெல்லாம் புண்ணாகி செத்துப்போனா. லைசென்ஸ் வர வரைக்கும் அவாளை அப்படியே கிடத்தி வெச்சிருக்கணுமா?" என்று கேட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. மாதப்பன் காலையாவது திறந்து பாருங்கள் என்றேன். சரி என்றார்.

வெள்ளிக்கிழமை மாதப்பனின் காலைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்றேன். தகட்டைச் சுற்றிச் சதை கறுத்திருந்தது. ஆறு ஸ்க்ரூவில் இரண்டுக்குத் தலையே இல்லை. அவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். எலும்பு நல்லவேளையாகக் கூடிவிட்டிருந்தது. மாதப்பன் நடப்பார்.

பிறகு என்னை அறைக்குக் கூப்பிட்டார். மிச்சமுள்ளவர்களையும் வரவழைத்து ஸ்க்ரூவை எடுத்துவிடலாம் என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அண்ணா. ஆனால் அடுத்த வாக்கியத்தில், "தகட்டோட வேலை முடிஞ்சது, எடுத்துடலாம்னு எழுதுங்கோ. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

அப்படி எழுதினால் யார் வருவார்கள்? வலி இல்லாதவர்கள் ஒன்பது பேர். நாற்று நடுகிற சமயம். தகட்டின் வேலை முடிந்ததென்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். உள்ளே துருப்பிடிக்கிறது என்று தெரிந்தால்தான் வருவார்கள். இதைச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் நாளைக்கு ஒருவரும் தகடு வைத்துக்கொள்ள மாட்டார்கள், மூங்கில் பத்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கை அழுகி வந்து நிற்பார்கள் என்றார். மாரியம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். இனிமேல் அவளிடம் சொல்லி என்ன பிரயோஜனம் என்றார்.

நான் ரிக்கார்டு அறைக்குப் போய் மாரியம்மாவின் கேஸ் தாளை எடுத்தேன். "நோயாளியின் அசிரத்தை" என்ற வரியை அடித்தேன். கீழே, "ஸ்க்ரூவின் எஃகு சரியில்லாததால்" என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டு, அதை அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். ரிஜிஸ்தர் அலமாரியின் சாவியைக் கேட்டார். கொடுத்துவிட்டேன். நேற்றிலிருந்து எனக்கு வார்டு இல்லை. துணி அறையில் போர்வை மடிக்கிறேன்.

நான் ராஜினாமா செய்யப்போவதில்லை. வேண்டுமானால் அவர் என்னை அனுப்பட்டும். பதினான்கு பேருடைய பெயரும் ஊரும் எனக்கு மனப்பாடம்.

மீனாக்ஷி

*

நஞ்சன்கூடு
27 ஆகஸ்டு 1953

மீனாக்ஷி,

நீ செய்தது சரி. ஆனால் இதோடு நிறுத்திக்கொள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஸ்க்ரூ வெளியே வந்துவிடும் என்கிறார் அல்லவா? நமக்கு வேண்டியது அதுதானே? எந்த வார்த்தை சொல்லி எடுத்தால் என்ன? வராதவர்களுக்கு மறுபடி கார்டு போடலாம். அவரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைப்பதால் யாருடைய காலும் திரும்ப வரப்போவதில்லை. அவர் பெயர் போனால் மைசூரில் எலும்பு வைத்தியத்துக்கு யார் இருக்கிறார்கள்?

என்னைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. கிருஷ்ணஸ்வாமி கடைந்த ஸ்க்ரூவால் ஒருத்திக்குக் கால் போயிற்று என்று பேச்சு வந்தால், ரைஸ் மில்காரன்கூட என்னிடம் புல்லிச் சக்கரம் கடையக் கொடுக்க மாட்டான். ராஜலக்ஷ்மி நாலு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. அவள் உன் கட்சி.

வார்டைத் திரும்ப வாங்கிக்கொள். நீ அங்கே இருந்தால்தான் வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ள முடியும்.

கிருஷ்ணஸ்வாமி

*

மைசூர்
29 ஆகஸ்டு 1953

அண்ணா,

இருந்த இடத்திலிருந்தே மாரியம்மாவைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவளைப் பார்த்துவிட்டு எழுது. அதற்குப் பிறகும் நிறுத்து என்று நீ சொன்னால் நிறுத்துகிறேன்.

கொள்ளேகாலில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து பட்டு நூற்பவர்கள் தெரு எது என்று கேட்டால் சொல்வார்கள். கடைசி வீடு.

மீனாக்ஷி

*

கொள்ளேகால்
6 செப்டம்பர் 1953

மீனாக்ஷி,

இங்கே பஸ்ஸுக்காகக் காத்திருக்கும்போது எழுதுகிறேன். வீட்டுக்குப் போனால் வேறு மாதிரி எழுதிவிடுவேனோ என்று பயம்.

மாரியம்மாவைப் பார்த்தேன். கூடையில் கிடந்த பட்டுக்கூடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஊன்றுகோல். நான் யார் என்று சொன்னேன். நர்ஸம்மாவின் அண்ணா என்றதும் பாய் போட்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது நாலைந்து விதமாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. "உங்க காலுக்குள்ள இருந்த ஸ்க்ரூவைக் கடைஞ்சது நான்தான். எஃகு சரியில்லை. அதனாலதான் கால் போச்சு. நீங்க நடந்ததால இல்லை" என்றேன்.

அவள் அழவில்லை. கையிலிருந்த பட்டுக்கூட்டைக் கீழே வைத்தாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்க சாமி" என்றாள். "சித்த இருங்க. உள்ள இருக்கறவங்களும் வரட்டும்."

புருஷனையும் மாமியாரையும் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டாள். அவர்கள் வந்து நின்றபின் நான் அதையே மறுபடி சொன்னேன். மாமியார் தரையைப் பார்த்தாள். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. இந்த நாலைந்து மாதமாக, சொன்ன பேச்சைக் கேட்காமல் நடந்து காலைத் தொலைத்தவள் என்று அவளை இந்த வீடே ஏசிக்கொண்டிருந்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த டாக்டரும் நர்ஸும் சொன்ன பிறகு யார் அவளை நம்புவார்கள்? நாளாக நாளாக, தூக்கத்தில் எழுந்து நடந்தோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டதாம்.

புருஷன் எழுந்து உள்ளே போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து முதலில் அவளிடம் கொடுத்தான். பிறகு எனக்கு.

மன்னித்துவிடு என்று நான் கேட்கவில்லை. அவளும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "நீங்க வந்து சொல்லிப்போட்டீங்க. அந்த டாக்டரு சொல்லோணுமுங்க" என்றாள். மைசூருக்கு எந்த பஸ், எந்தக் கிழமை அவர் இருப்பார் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டாள்.

அவளிடம் சொல்லி என்ன பிரயோஜனம் என்று கேட்டவர் இங்கே வந்து பார்க்க வேண்டும்.

நிறுத்து என்று எழுதினேன். அதை அடித்துவிடு. பதினான்கு பேருக்கும் சொல்ல வேண்டும், மீனாக்ஷி. என்ன காரணம் என்பதையும் சொல்ல வேண்டும்.

கிருஷ்ணஸ்வாமி

*

மைசூர்
15 செப்டம்பர் 1953

அண்ணா,

நேற்று மாரியம்மா வந்தாள்.

திங்கட்கிழமை கூட்டம் உனக்குத் தெரியும். வெளிநோயாளிகள் கூடத்தில் நாற்பது பேர். புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். அட்டெண்டர் சீட்டுக் கேட்டான். மருந்துக்கு வரவில்லை என்றாள். நான் துணி அறையிலிருந்து போர்வைகளோடு வந்தவள் அப்படியே சுவரோரம் நின்றுவிட்டேன்.

டாக்டர் வெளியே வந்தார். அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். உள்ளே வரச் சொன்னார்.

"இங்கயே சொல்லுங்க" என்றாள். "என்னைய வஞ்சதும் இங்கதானுங்க. என்ற காலு எதுனால போச்சு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். நான் இந்த ஆஸ்பத்திரியில் பதினொரு வருஷமாக இருக்கிறேன். அவர் வார்த்தைக்குத் தடுமாறி நான் பார்த்ததில்லை. ஏதாவது சமாதானம் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"நான் போட்ட ஸ்க்ரூ நல்ல எஃகு இல்லை" என்றார். "உள்ளே துருப்பிடிச்சுப் புண்ணாயிடுத்து. நீ நடந்ததால இல்லை. வேற எஃகுன்னு தெரிஞ்சே போட்டேன். நீ வீங்கிண்டு வந்தப்போ, என் தப்பா இருக்குமான்னு யோசிக்கவே இல்லை. உன் மேல பழியைப் போட்டேன்."

மாரியம்மா தலையை ஆட்டினாள். கேட்க வந்ததைக் கேட்டாயிற்று, எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் எத்தனை பேருக்கு உள்ள இருக்குதுங்க?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவளும் மாதப்பனும் போக, "பன்னிரண்டு" என்றேன்.

"அவங்களுக்குச் சொல்லியாச்சுங்களா?"

"இல்லை" என்றார் டாக்டர்.

"அப்பச் சொல்லிப்போடுங்க. நான் உக்காந்திருக்கறேன்."

அட்டெண்டரைத் தபாலாபீசுக்கு அனுப்பிக் கார்டு வாங்கிவரச் சொன்னார். கூடத்திலேயே, சீட்டு எழுதுகிற மேஜையில் உட்கார்ந்து தன் கையால் எழுதினார். ஊரும் பெயரும் நான் சொன்னேன். பத்துக் கார்டு கன்னடத்தில், இரண்டு தமிழில். ஒவ்வொன்றையும் எழுதி முடித்ததும் மாரியம்மா படித்துக் காட்டச் சொன்னாள். கன்னடம் அவளுக்கு நன்றாகவே புரியும். மூன்றாவது கார்டில் ஸ்க்ரூவில் சிறிய கோளாறு என்று எழுதியிருந்தார். "சின்னதுங்களா?" என்றாள். அவர் அந்த வார்த்தையை அடித்துவிட்டு மறுபடி படித்தார். அதற்குப் பிறகு எழுதிய ஒன்பதிலும் அந்த வார்த்தை இல்லை.

இதற்குள் ஏழெட்டுப் பேர் எழுந்து போய்விட்டார்கள். போனவர்கள் திரும்பி வருவார்களா, தெரியாது. மிச்சப் பேர் இருந்தார்கள். மறுநாள் தகடு வைப்பதாக இருந்த ஒரு பெரியவர், தனக்குப் போடுவது எந்த எஃகு என்று கேட்டார். நல்ல ஸ்க்ரூ கையில் இல்லை, வரும்வரை காலில் எடை கட்டிப் படுத்துத்தான் இருக்க வேண்டும், இரண்டு மாதமோ மூன்று மாதமோ ஆகலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். பெரியவருக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் படுத்துக்கொள்கிறேன் என்றார். அவரைப் புண் வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்கிறேன்.

ஆமாம், வார்டு திரும்பக் கிடைத்துவிட்டது. மாலையில் அவர் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, "புது கேஸ் ஒண்ணும் எடுக்க வேண்டாம். இந்தப் பன்னிரண்டு முதல்ல" என்றார். அவர்மேல் எனக்கு இருந்த மரியாதை போயிற்றா, கூடிற்றா என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை.

மாரியம்மாவை பஸ் ஏற்றிவிடப் போனேன். நானும் உன்னை நம்பவில்லை, கோபித்துக்கொண்டேன் என்று சொன்னேன். "தெரியுமுங்க. எனக்கு நெனப்பிருக்குது" என்றாள். அவ்வளவுதான். அதை நான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கார்டு கிடைத்தும் வராதவர்கள் இருப்பார்கள். அது உன் வேலை.

மீனாக்ஷி

*

குண்டலுபேட்டை
20 நவம்பர் 1953

மீனாக்ஷி,

இரண்டு மாதமாக நான் உனக்கு எழுதவில்லை. அவ்வப்போது யாரையாவது கூட்டிக்கொண்டு உன் வார்டு வாசலில் வந்து நிற்கிறவன் என்ன எழுதுவது?

எட்டுப் பேர் கார்டைப் பார்த்து அவர்களாகவே வந்தார்கள். மூன்று பேரை நான் போய் அழைத்துவந்தேன். பன்னிரண்டாவது ஆள் பசவராஜ். அவரைத் தேடித்தான் இங்கே வந்திருக்கிறேன். குண்டலுபேட்டையிலிருந்து நாலு மைல், வண்டிப் பாதை. தொடை எலும்பில் தகடு. வலி கிடையாது. இரண்டு ஏக்கர் ராகி போட்டிருக்கிறார், கதிர் முற்றி நிற்கிறது. டாக்டர் எழுதிய கார்டைப் பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்னாராம். ஆபரேஷன் என்ற வார்த்தையைக் கேட்டதும் வாங்கி மடித்துக் கூரையில் செருகிவிட்டார்.

முதலில் என்னைப் பார்க்கவே மாட்டேன் என்றார். ஒன்றுமில்லாத காலை எதற்கு மறுபடி அறுப்பது, உள்ளே இருப்பது கெட்டுப்போனது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கன்னடத்தில் சத்தம் போட்டார். அதைக் கடைந்தவன் நான்தான் என்றேன். வேறு எஃகு என்று தெரிந்தும் கடைந்ததையும் சொன்னேன். இதைச் சொல்ல ஆரம்பத்தில் நாக்கு எழாது. இப்போது எழுகிறது. லேசாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

அவர் என் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறுவடை முடியட்டும், தை மாதம் வருகிறேன் என்றார். தை வரை விட முடியாது. மாரியம்மாவுக்குத் தையில் வைத்துச் சித்திரையில் வீங்கிவிட்டது. இவருக்கு வைத்துப் பத்து மாதம் ஆகிறது. அறுவடைக்கு ஆள்தானே வேண்டும், நான் நிற்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். அவர் பெண்டாட்டி சிரிக்கவில்லை, ஒரு அரிவாளைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

நேற்றும் இன்றும் ராகி அறுத்தேன். என் வரிசை மட்டும் கோணல்மாணலாக இருக்கிறது. முதுகு என்னுடையதே இல்லை. ஊரார் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து, பிறகு அவர்களும் இறங்கி அறுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டுக் கட்டிப் போரடுக்கிவிடலாம். இன்று மத்தியானம் பசவராஜ் தானாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மயக்க மருந்து கொடுப்பார்களா, முழித்துக்கொண்டிருக்கும்போதே அறுப்பார்களா என்று கேட்டார். அதை ஆஸ்பத்திரியில் இருக்கும் உங்கள் தங்கையிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். என் தங்கை என்பதற்குப் பதிலாக உங்கள் தங்கை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு, சரி, தங்கையிடமே கேட்கிறேன் என்றார்.

இந்தக் கடிதத்தைச் சந்தைக்குப் போகிறவர் கையில் கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொல்கிறேன். சனிக்கிழமை உனக்குக் கிடைத்துவிடும்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவரை அழைத்து வருகிறேன். ஜன்னலோரக் கட்டிலை யாருக்கும் கொடுத்துவிடாதே.

கிருஷ்ணஸ்வாமி